தள்ளப்பட்ட பொருட்களுக்கு ஒரு வேலை
சிறிய வீட்டிற்கேற்ற எளிய கைவேலைகள்



பிழைப்பைத் தேடி நகரங்களில் குடியேறியிருக்கிற நம்முடைய குடும்பங்களுக்கு, இடமும் பணத்தைப் போலவே எண்ணிச் செலவிட வேண்டிய ஒன்றாகும். மும்பையில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையிலே ஐந்து பேர் சமைத்து, உண்டு, படித்து, உறங்குகிற வீடுகளை நாம் அறிவோம். வாடகை ஒப்பந்தமோ பெரும்பாலும் 11 மாதங்களுக்கே எழுதப்படுகிறது. அது முடிந்ததும் மூட்டை முடிச்சுகளோடு அடுத்த அறையைத் தேடிப் புறப்படுகிறவர்கள் அநேகர். இப்படிப்பட்ட வாழ்க்கையில் வீட்டிற்குள் வருகிற ஒவ்வொரு பொருளும், தான் அடைத்துக்கொள்ளும் இடத்திற்கு ஏதாவது ஒரு விதத்தில் வாடகை கொடுத்தாக வேண்டும்.

பழைய பொருட்களிலிருந்து புதியவற்றைச் செய்யும் கைவேலைகளைப் பற்றி இம்மாதம் எழுதும்போது இந்த உண்மையிலிருந்தே தொடங்க விரும்புகிறேன். வண்ணம் பூசிய காலிப் புட்டி, ஐஸ்கிரீம் குச்சிகளால் கட்டிய வீடு, குறுந்தகடுகளை ஒட்டிய தோரணம் முதலியவற்றை விடுமுறை நாட்களில் பிள்ளைகள் ஆவலோடு செய்கிறார்கள். ஆனால் மூன்று மாதம் சென்றபின் அவை அலமாரியின் மேல் தூசி படிந்து கிடக்கின்றன. குப்பையாக வெளியே போயிருக்க வேண்டியது, பசையும் வண்ணமும் வாங்கிய செலவோடு வீட்டிற்குள்ளேயே தங்கிவிட்டது. இதிலே மிச்சம் என்ன?

சண்டிகரில் சாலைத் துறையில் வேலை பார்த்த நேக் சந்த் என்பவர், உடைந்த வளையல்களையும் ஓடுகளையும் பீங்கான் துண்டுகளையும் கொண்டு பல ஆண்டுகளாக ஒரு பெரிய சிற்பத் தோட்டத்தை அமைத்தார். 1976-இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1984-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. அழகுக்காகவே செய்யப்பட்ட மேன்மையான வேலை அது. ஆனால் அவருக்கு நகரத்தின் ஓரத்திலே ஏக்கர் கணக்கில் நிலம் இருந்தது. நமக்கு இருப்பது ஒரு ஜன்னலும் ஒரு பரணும். ஆகையால் கத்தரிக்கோலை எடுக்கும் முன்னே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வோம்: அடுத்த முறை வீடு மாறும்போது இதைச் சுமந்துகொண்டு போவோமா? ஆம் என்றால் செய்யலாம். இல்லையென்றால் அந்தப் பழைய பொருளைப் பங்கார்காரரிடம் கொடுத்துவிடுவதே நலம்.

நமக்கு முன்னே செய்தவர்கள்

இது ஏதோ புதிதாக வந்த நாகரிகம் என்று ஒருவரும் நினைக்க வேண்டாம். ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு வந்தவரையும், பழைய துணிக்குப் பாத்திரம் கொடுத்த பெண்மணியையும் நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மும்பையிலும் டெல்லியிலும் இந்தப் பண்டமாற்று வியாபாரத்தைத் தலைமுறை தலைமுறையாக வாக்ரி சமூகத்துப் பெண்கள் செய்துவருகிறார்கள். அவர்கள் சேர்க்கும் துணிகளுக்கென்று டெல்லியின் ரகுபீர் நகரில் ஒரு சந்தையே கூடுகிறது. நம்முடைய ஜனங்கள் பெருந்திரளாய் வாழும் தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் எண்ணெய் டின்கள் கழுவப்பட்டு, நெளிவு தட்டி நிமிர்த்தப்பட்டு மறுபடியும் வேலைக்குப் போவதை அங்கே வசிக்கிறவர்கள் நாள்தோறும் காண்கிறார்கள்.

தையலிலும் அப்படியே. பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் மெத்தை விரிப்பை மகாராஷ்டிரத்தில் கோதடி என்கிறார்கள். வங்காளத்தில் அது காந்தா. அங்கே முற்காலத்தில் சேலைக் கரையிலிருந்து உருவிய நூலையே தையலுக்கும் பயன்படுத்தினார்கள். வட கர்நாடகத்தின் எல்லாப்பூர், ஹளியால் பகுதிகளில் வாழும் சித்தி இனப் பெண்கள் கவண்டி என்னும் விரிப்பைத் தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டு போவது அவர்களுடைய முறை. இவர்களில் ஒருவரும் அலங்காரத்திற்காகத் தொடங்கவில்லை. குளிருக்கு ஒரு போர்வை வேண்டியிருந்தது; அழகு பின்னால் வந்து சேர்ந்தது.

மீந்திருக்கும் பெலத்தை அறிதல்

பழைய பொருளில் எது போய்விட்டது என்று பார்ப்பது எளிது. எது மீந்திருக்கிறது என்று பார்ப்பதே கைவேலையின் முதற்படி. முழங்காலில் கிழிந்த ஜீன்ஸின் பின்பகுதியும் கீழ்க்கால் பகுதியும் உறுதியாகவே இருக்கும். காலர் தேய்ந்த சட்டையின் முன்பக்கமும் பொத்தான் வரிசையும் கெடாமல் இருக்கும். நிறம் மங்கிய பருத்திச் சேலை, புதிதாய் இருந்ததைவிட மிருதுவாகியிருக்கும்.

துணி எந்த வகை என்று தெரியாவிட்டால் ஒரு சொட்டுத் தண்ணீரை அதன்மேல் விடுங்கள். பருத்தி உடனே உறிஞ்சிக்கொள்ளும். பாலியெஸ்டரில் பெரும்பாலும் நீர் சற்று நேரம் தங்கி நிற்கும். இன்னும் ஐயம் இருந்தால் ஒரே ஒரு நூலை உருவி, பெரியவர் ஒருவர் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே பிடித்துக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான சிறு மணியாகத் திரளும். பருத்தி ஈரத்தை இழுப்பதால் மிதியடிக்கும் விரிப்புக்கும் கைத்துணிக்கும் ஏற்றது. பாலியெஸ்டர் இலேசாகவும் உறுதியாகவும் இருந்து விரைவில் உலர்வதால் பைக்கு ஏற்றது. இதை மாற்றிச் செய்கிறபடியால்தான் அநேகருடைய உழைப்பு வீணாகிறது.

1. சேலையில் ஒரு விரிப்பு

வேண்டியவை: ஒரு பழைய பருத்திச் சேலை, தடித்த பருத்தி நூல், நீண்ட ஊசி.

சேலையைத் துவைத்துக் கஞ்சியைப் போக்கி, நன்றாக உலர்த்திக்கொள்ளுங்கள். 5.5 மீட்டர் நீளச் சேலையை நான்காக மடித்தால் ஏறக்குறைய 1.37 மீட்டர் நீளமும் சேலையின் அகலமும் கொண்ட நான்கு அடுக்கு கிடைக்கும். குழந்தைக்கு இது போதும். பெரியவருக்கென்றால் இரண்டு சேலைகளை எடுத்து ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டி, நான்கு துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். நைந்துபோன துண்டுகள் உள்ளேயும் உறுதியான துண்டுகள் வெளியேயும் இருக்கட்டும்.

தரையில் சுருக்கமின்றி விரித்து, ஒரு சாண் இடைவெளியில் பெரிய தையலாக முதலில் நூலோட்டிக்கொள்ளுங்கள். இந்தப் படியை விட்டுவிட்டால் அடுக்குகள் நகர்ந்து நடுவில் புடைத்துக்கொள்ளும். பின்பு ஓரங்களை உள்ளே மடித்துத் தைத்து, இரண்டு விரல் இடைவெளியில் வரிசை வரிசையாக ஓட்டுத் தையல் போடுங்கள். முடிந்தபின் நூலோட்டிய நூலை உருவிவிடலாம். தினமும் மாலையில் அரை மணி நேரம் செலவிட்டால் சில வாரங்களில் முடிந்துவிடும்.

குழந்தைக்கு இதைப் படுக்கைத் துணியாகக் கீழே விரியுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின்மேல் தளர்வான போர்வைகளைப் போடுவது நல்லதல்ல. கொடுப்பதற்கு முன் விரிப்பு முழுவதையும் கையால் தடவி, ஊசியோ குண்டூசியோ தங்கவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள்.

ஊரில் இருக்கும் தாயாரின் சேலையொன்று உங்கள் பெட்டியின் அடியில் மடித்தபடியே கிடக்கலாம். அதை வெட்ட மனம் வராதிருப்பதை நான் அறிவேன். ஆனால் மடித்து வைத்த சேலை மடிப்பிலேயே இற்றுப்போகும். விரிப்பாகத் தைக்கப்பட்டால், பாட்டியை ஆண்டுக்கு ஒருமுறை மாத்திரமே பார்க்கிற பேரப்பிள்ளை ஒவ்வொரு இரவும் அதன்மேல் படுத்துறங்கும். இது இரயிலிலும் சுருட்டி எடுத்துச் செல்லத்தக்கது. அடுத்த வீட்டுக்கும் வரும்.

2. ஜீன்ஸில் ஒரு சந்தைப் பை

மகாராஷ்டிரத்தில் 2018-இல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. நாடு முழுவதிலும் 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக் கைப்பைகள் தடைசெய்யப்பட்டன. ஆகவே துணிப்பை இன்றைக்கு வீட்டின் அத்தியாவசியப் பொருளாகிவிட்டது.

பெரியவருடைய பழைய ஜீன்ஸின் ஒரு காலில், கிழிசல் இல்லாத பகுதியை 45 சென்டிமீட்டர் நீளத்திற்கு வெட்டுங்கள். உட்புறத்தை வெளியே திருப்பி, கீழ்வாயை இரண்டு முறை தைத்து மூடுங்கள். மேல்வாயை மடித்துத் தையுங்கள். மற்றொரு காலிலிருந்து 8 சென்டிமீட்டர் அகலமும் 55 சென்டிமீட்டர் நீளமும் உள்ள இரண்டு பட்டைகளை வெட்டி, நான்காக மடித்துத் தைத்தால் கைப்பிடி தயார். அதைப் பையில் இணைக்கும் இடத்தில் சதுரமாகத் தைத்து, நடுவே குறுக்கும் நெடுக்குமாக இரு தையல் போடுங்கள். பாரம் முழுவதும் அவ்விடத்தில்தான் விழுகிறது. வீட்டு ஊசி உள்ளே போகாவிட்டால், தெருவோரத்தில் செருப்பும் பள்ளிப் பையும் தைக்கிறவரிடம் கொடுத்தால் சிறு தொகைக்குத் தைத்துத் தருவார். அவருக்கும் அது ஒரு வேலை.

மீந்த பின்பகுதியில் இருக்கும் இரண்டு பைகளையும் அடித்துணியோடு வெட்டியெடுத்து, ஒரு துணிப்பட்டையில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தைத்துக் கதவின் பின்னால் தொங்கவிடுங்கள். சாவி, மின்கட்டணச் சீட்டு, மருந்துச் சீட்டு ஆகியவற்றிற்கு அதுவே இடமாகும்.

3. சட்டையில் ஒரு தலையணை உறை

16 அங்குலச் சதுரத் திண்டுக்கு, சட்டையின் முன்பக்கத்தைப் பொத்தான் போட்டபடியே 17 அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். பின்பக்கத்திலும் அதே அளவு. இரண்டின் வெளிப்பக்கங்களையும் ஒன்றையொன்று பார்க்குமாறு வைத்து, நான்கு புறமும் அரை அங்குலம் உள்ளே தையுங்கள். பொத்தான்களைக் கழற்றி உட்புறத்தை வெளியே திருப்பினால் உறை தயார். ஜிப் வாங்க வேண்டியதில்லை. திண்டை நுழைக்கும் வாயாகப் பொத்தான் வரிசையே ஆகிறது. கைத்தையல் பழகும் பிள்ளைகளுக்கு இது ஏற்ற முதற்பாடம்.

4. பனியனில் ஒரு மிதியடி

பழைய பருத்தி டீ சட்டைகளின் உடற்பகுதியைச் சுற்றிச் சுற்றி ஒன்றரை அங்குல அகலத்தில் வெட்டினால் அறுபடாத நீண்ட பட்டை கிடைக்கும். மூன்று பட்டைகளைச் சடையாகப் பின்னுங்கள். நீளம் போதாதபோது புதிய பட்டையைத் தைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். பின்னிய சடையை வட்டமாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றையும் முந்தின சுற்றோடு தடித்த நூலால் இணையுங்கள். தரையில் அல்லது பலகையில் தட்டையாக வைத்துத் தைப்பது முக்கியம். மடியில் வைத்து இறுக்கித் தைத்தால் அது கிண்ணம்போலக் குழிந்துவிடும். வழவழப்பான தரையில் போடுவதானால் நழுவாதபடி அடியில் பழைய ரப்பர் விரிப்பின் துண்டுகளைத் தைத்துவிடுங்கள்.

5. டின்னில் ஒரு கீரைப் பாத்தி

காலியான பால்மாவு டின்னுக்குள் மரக்கட்டையை நுழைத்துக் கவிழ்த்து வைத்து, அடிப்பக்கத்தில் ஆணியால் ஐந்தாறு துளைகள் இடுங்கள். வாயின் கூரிய விளிம்பைச் சுத்தியலால் தட்டி மழுக்கிவிடுங்கள். மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி வெந்தயத்தைத் தூவினால் சில நாட்களில் முளைக்கும். மூன்று நான்கு வாரங்களில் கீரையாகக் கிள்ளலாம். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். புதினாவுக்கு விதை வேண்டாம். சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து ஒரு தண்டைத் தண்ணீரில் வைத்து, வேர் விட்டபின் நட்டால் போதும்.

இரண்டு காரியங்களில் கவனம் தேவை. முதலாவது, மாடி ஜன்னலில் வைக்கும் டின்னைக் கம்பியால் கிராதியோடு கட்டிவிடுங்கள். கீழே நடப்பவர் தலைக்கு ஆபத்து வரக்கூடாது. இரண்டாவது, அடித்தட்டில் தேங்கும் நீரை வாரத்திற்கு ஒருமுறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாட்களே ஆகின்றன. மும்பையின் மழைக்காலத்தில் வெளியே கிடக்கும் ஒவ்வொரு காலி டின்னும் ஒரு கொசுத் தொட்டிதான்.

6. தீக்குச்சியில் ஒரு பாடம்

பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள் வேண்டாமா என்று கேட்பீர்கள். கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர் அரவிந்த் குப்தா, குப்பையிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்யும் வழிகளைப் பல பத்தாண்டுகளாக நாட்டுப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தந்தவர். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் காட்டிய எளிய வழிகளில் ஒன்று இது.

தீக்குச்சிகளின் மருந்தைச் சுரண்டி அகற்றுங்கள். இதைப் பெரியவர்களே செய்யட்டும். மிதிவண்டிக் கடையில் வால்வு டியூப் வாங்கி, ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். துண்டின் இரு முனைகளிலும் குச்சிகளைச் செருகினால் வளையும் மூட்டு ஒன்று உண்டாகும். மூன்று குச்சிகளால் முக்கோணமும், நான்கால் சதுரமும் செய்து, பிள்ளையின் கையில் கொடுத்து அழுத்தச் சொல்லுங்கள். சதுரம் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. இரயில் பாலங்களிலும் தொழிற்சாலைக் கூரைகளிலும் முக்கோணங்கள் ஏன் நிறைந்திருக்கின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. விளையாடி முடித்ததும் முழுவதும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும்.

செய்யக் கூடாதவை

சிக்கனம் என்கிற பெயரில் உடல்நலத்தை இழக்கலாகாது. பூச்சி மருந்து, பினாயில், அமிலம் இருந்த புட்டிகளை எவ்வளவு கழுவினாலும் வேறெதற்கும் எடுக்காதீர்கள். வண்ணப்பூச்சு இருந்த டின்னில் உணவுப் பொருளை வைக்காதீர்கள். எரிந்துபோன குழல் விளக்கிலும் சுருள் விளக்கிலும் பாதரசம் இருப்பதால் அவற்றை உடைத்துக் கைவேலை செய்வது ஆபத்தானது. செய்தித்தாளில் பொட்டலம் மடிக்கும் வழக்கத்தையும் கவனிக்க வேண்டும். அச்சு மை உணவில் கலப்பதால், உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் இதற்கு எதிராக எச்சரித்தது. 2018-இன் விதிமுறைகள் இதைத் தடையே செய்தன. செய்தித்தாள் பையை எழுதுபொருளுக்கும் துணிக்கும் வைத்துக்கொள்ளுங்கள், பஜ்ஜிக்கு வேண்டாம்.

ஊறுகாய், ஜாம் இருந்த கண்ணாடிப் புட்டிகளோ உணவுக்கு ஏற்றவை. சமையல் சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்தால் மேற்சீட்டு கழன்றுவிடும். மிச்சப் பசையைத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைக்கலாம். பருப்பும் மசாலாவும் வைக்கலாம். கொதிக்கும் நீரை மட்டும் குளிர்ந்த புட்டியில் ஊற்றாதீர்கள், விரிசல் விழும்.

சேர்ப்பதற்கு ஓர் எல்லை

இந்த வேலையில் ருசி கண்டவர்களைப் பிடிக்கும் ஒரு வியாதி உண்டு. என்றைக்காவது உதவும் என்று எல்லாவற்றையும் சேர்த்துவைப்பது அது. அதனால் வீட்டார் காலை நீட்டிப் படுக்கவும் இடமில்லாமல் போகிறது. ஒரே ஒரு அட்டைப்பெட்டியை இதற்கென்று வையுங்கள். அது நிறைந்தால், புதிதாக ஒன்றை உள்ளே வைக்கும் முன் பழையது ஒன்று வெளியே போக வேண்டும். இன்னும் உடுத்தத்தக்க ஆடைகளை வெட்டவே வேண்டாம். துவைத்து, மடித்து, தேவையுள்ளவர்களுக்குக் கொடுங்கள். அன்ஷு குப்தா 1999-இல் டெல்லியில் தொடங்கிய கூஞ்ச் என்னும் அமைப்பு, நகரங்களின் பழைய துணிகளைக் கிராமங்களுக்குக் கொண்டு சேர்க்கிறது. உடுத்த முடியாத பருத்தித் துணியிலிருந்து பெண்களுக்கான மாதவிடாய்த் துணிகளையும் அது செய்து தருகிறது. 2015-இல் அன்ஷு குப்தாவுக்கு மகசேசே விருது கிடைத்தது.

பழைய பொருளைக் கையாளுவதை வறுமையின் அடையாளமாக எண்ணி வெட்கப்படும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பள்ளியில் மற்றவர்கள் கேலி செய்வார்கள் என்கிற பயம் அவர்களுக்கு உண்டு. அவர்களுக்கு அறிவுரை சொல்வதைவிட, ஊசியையும் நூலையும் கையில் கொடுத்துப் பாருங்கள். தான் தைத்த பையை மறைக்க எந்தப் பிள்ளையும் விரும்புவதில்லை. எப்படிச் செய்தேன் தெரியுமா என்றுதான் சொல்லத் தொடங்கும்.

இம்மாதத்தில் ஒரே ஒரு பொருளைத் தெரிந்தெடுங்கள். வீட்டில் உண்மையாகவே குறைவுபடுவது எது என்று முதலில் பாருங்கள்: பையா, மிதியடியா, குழந்தைக்கு விரிப்பா? பின்பு அதற்கு ஏற்ற பழைய பொருளைத் தேடுங்கள். சனிக்கிழமை மாலையில் வீட்டார் யாவரும் கூடி உட்கார்ந்தால், ஒருவர் வெட்ட, ஒருவர் நூல் கோக்க, ஒருவர் தைக்க, சட்டை உறை அன்றைக்கே முடிந்துவிடும்.